ஆறாம் தொட்டியில் அன்று மஞ்சள்

மார்ச் மாதம் பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை, பிற்பகல் இரண்டு மணி ஐந்து நிமிடம். பெய்வதா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்த வானம் அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்து தூறத் தொடங்கியது.

சாயப்பட்டறைத் தொழிலாளர் சங்க அலுவலகத்தின் முன்னால் ஒரு ஸ்கூட்டர் இரண்டு முறை இருமி நின்றது. பின்னிருக்கையிலிருந்து இறங்கிய அம்மாள், தொழிலாளர் மேல்முறையீட்டு மன்றத்தின் முகப்பு மேசையில் இருபத்தாறு ஆண்டுகள் உட்கார்ந்து, மூன்று வாரங்களுக்கு முன்பு ஓய்வுபெற்றவர். அங்கே அவருடைய வேலை ஒன்றே ஒன்று: தேதி பார்ப்பது. மனு முப்பது நாளுக்குள் வந்தால் உள்ளே அனுப்புவார். முப்பத்தோராம் நாள் வந்தால் 'காலாவதி' என்று சிவப்பு முத்திரை குத்தித் திருப்பிக் கொடுப்பார். குத்திய முத்திரைகளின் புண்ணியத்தில் அவருக்குக் காலாவதி அம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. திருத்திய தேதியையும், விடுமுறை நாளில் வாங்கியதாகச் சொல்லும் ரசீதையும் மோப்பம் பிடித்தே கண்டுபிடித்துவிடுவார் என்பார்கள். அந்தப் பெயரில் அவருக்கிருந்த பெருமை முந்தைய நாள் மாலை ஆறரை மணியோடு முடிந்துபோயிருந்தது.

ஸ்கூட்டரை ஓட்டிவந்தவர் அவர் கணவரின் தம்பி. வயது முப்பத்தெட்டு. இதுவரை நான்கு வேலைகளை விட்டவர். அவற்றில் மூன்று அவரை முதலில் விட்டன. அண்ணி ஓய்வுபெற்ற மறுநாளே தம்மை அவருடைய உதவியாளராக நியமித்துக்கொண்டார்.

"அண்ணி, உள்ள போனதும் யார் மேல சந்தேகப்படணும்னு முன்னாடியே சொல்லிடுங்க. நான் அவங்கள முறைச்சுக்கிட்டே இருக்கேன்."

"முதல்ல என் மேல சந்தேகப்படுங்க, தம்பி."

அவர் தலைக்கவசத்தைக் கழற்றும் வேலையில் இறங்கினார்.

முந்தைய நாள் மாலை வீட்டுக் கதவைத் தட்டியவள் முப்பது வயதுக்குள் இருந்த ஒரு சாயத் தொழிலாளி. பட்டறையில் அவளைச் சின்னவள் என்பார்களாம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மடித்து மடித்து நான்காகப் பிளந்துபோயிருந்த ஒரு தாளை மேசையில் விரித்தாள். பிப்ரவரி இருபத்தாறாம் தேதியிட்ட நிராகரிப்புச் சீட்டு.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமாம்."

"அந்த முடிவுக் கடிதம் என் கைக்கு வரவே இல்லம்மா. வராத கடிதத்துக்கு எப்படி நாள் எண்ணினீங்க?"

விஷயம் சிக்கலானதல்ல. டிசம்பரில் அவள் வேலை பார்த்த ஆறாம் தொட்டியில் நானூறு மீட்டர் துணி திட்டுத் திட்டாகக் கெட்டுப்போனது. தொட்டியை விட்டு அகன்றாள் என்று சொல்லி, அவளை ஜனவரி இறுதியோடு வேலையிலிருந்து நிறுத்துவதாக நிர்வாகம் டிசம்பரிலேயே அறிவித்தது. தனக்காக வாதாடும்படி அவள் சங்கத்திடம் கேட்டாள். சங்கத்தின் விசாரணைக் குழு கூடி, வாதாடுவதற்கில்லை என்று முடிவெடுத்தது. சங்கம் கைவிட்டவருக்காக நிர்வாகத்திடம் பேச வேறு நாதியில்லை. மிச்சமிருக்கும் ஒரே வழி, அந்த முடிவை எதிர்த்து மன்றத்துக்குப் போவது. கையெழுத்திட்ட முடிவு தொழிலாளியின் சொந்தக் கைக்கு வந்த நாளிலிருந்து அதற்கு முப்பது நாள் கெடு.

சங்கத்தின் பட்டுவாடா நோட்டில், ஜனவரி ஒன்பதாம் தேதியே அவள் கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கான விரல் பதிவு இருந்தது. கடிதம் வராமலே, சங்கம் கைவிட்டதை வாய்வழியாகக் கேட்டறிந்து அவள் போட்ட மனு மன்றத்துக்கு வந்தது பிப்ரவரி இருபத்துநான்கில். பதினாறு நாள் தாமதம்.

"எல்லாரும் விரல்தான் வைப்பீங்களா? கையெழுத்து கிடையாதா?" என்று காலாவதி அம்மாள் கேட்டார்.

"எங்க பட்டறைல பேனா ஏதும்மா? சாயக் கையால தொட்டா தாள் பூரா பாழாயிடும். கைல என்ன சாயம் இருக்கோ அதுதான் மை. கட்டைவிரல ஓரமா ஒத்திட்டு, காகிதத்த வாங்கிக்குவோம். விரல் முதல்ல, காகிதம் பிறகு. எங்க அக்காகூட அங்கதான் இருக்கு, ரெண்டு பேரும் ஒரே வீடு. வேணும்னா அதையும் கேட்டுப் பாருங்க."

அக்காவைக் கேட்கத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் அம்மாளின் மனம் வேறொரு மேசையில் இருந்தது. பிப்ரவரி இருபத்தாறு, மாலை நாலே முக்கால். சங்கம் அனுப்பிய நோட்டுப் பக்கத்தின் ஜெராக்ஸ் அவர் கையில். தேதி இருந்தது, விரல் இருந்தது. அடுத்த அறையில் அவருக்கு விடைகொடுக்கும் கூட்டத்துக்காகக் கேக் வாங்கி வைத்துக் காத்திருந்தார்கள். அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தது அரை நிமிடம் இருக்கும்.

ஜெராக்ஸில் எல்லா விரலும் கறுப்பு.

நிராகரிப்பை மறுபரிசீலனை செய்யக் கோர இருபத்தொரு நாள் அவகாசம். இன்று இருபத்தொன்றாம் நாள். மன்றம் ஐந்து மணிக்கு மூடும். அசல் நோட்டு ஒன்றுதான் பிடிமானம்.

அலுவலகத்துக்குள் உட்கார்ந்திருந்த சங்கச் செயலாளர் பெருத்த உடலும் பெருத்த குரலும் உடையவர். எதிரில் இருப்பவர் ஒருவரே ஆனாலும் பொதுக்கூட்டத்தில் பேசுவதுபோலத்தான் பேசுவார்.

"நோட்டைத் தாராளமா பாருங்க மேடம். சங்கத்துக்கு மறைக்கறதுக்கு எதுவும் இல்ல. ஆனா நோட்டு என் கையை விட்டுப் போகாது."

"நாங்க தூரத்திலேர்ந்தே பாக்கறோம்," என்றார் கொழுந்தன். "உங்க குரலும் அந்த அளவுக்குத் தூரம் போகுது."

செயலாளர் ஜனவரிப் பக்கத்தைத் திறந்தார். இருபத்தாறு ஆண்டுகளாகக் காலாவதி அம்மாள் கறுப்புப் புள்ளிகளாகவே கண்டுவந்த விரல்கள் அந்தப் பக்கத்தில் சிவப்பும் நீலமும் செங்கல் நிறமுமாக இருந்தன. ஒவ்வொன்றும் ஒருவர் ஒரு நாளில் செய்த வேலையின் நிறம். ஒரு முறை, ஒரே ஒரு முறை, அசலைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கலாம். கன்னங்கள் சுடுவதை உணர்ந்து அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

சின்னவளின் பெயருக்கு எதிரே இருந்த விரல் பச்சை. நல்ல இலைப் பச்சை.

"ஜனவரி ஒன்பதாம் தேதி ஆறாம் தொட்டியில என்ன நிறம் போட்டாங்க?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும் மேடம்? பட்டறைல சாம்பிள் நோட்டு இருக்கு. வாங்க, காட்டச் சொல்றேன்."

பட்டறை அடுத்த தெருவில். தகரக் கூரையின்மேல் தூறல் பொரிந்துகொண்டிருந்தது. வாசல் காவலரின் மேசைக்கு அருகே, நனைந்த குடையோடு சின்னவள் நின்றிருந்தாள். வேலை போனவளுக்கு உள்ளே வர அனுமதியில்லை. செயலாளரைக் கண்டதும் அவள் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். தவறு செய்தவர் யார் என்று தெரியாத இடத்தில், வெட்கப்படும் வேலையை அவளே எடுத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே எட்டுத் தொட்டிகள் இரண்டு வரிசையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தன. தரையெல்லாம் பல நிற ஓடைகள். கையுறைகள் ஒரு கொடியில் வரிசையாகத் தொங்கின. துணியின் பதம் வெறுங்கைக்குத்தான் தெரியும் என்பதால் அவற்றைச் சோதனை அதிகாரி வரும் நாளில் மட்டும் அணிந்தார்கள். மணிக்கட்டுவரை கருநீலமான கைகளோடு ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும்.

"நான்தாம்மா அவளோட அக்கா. பெரியவள்னு சொல்லுவாங்க. சொல்லுங்க, என்ன காட்டணும்?"

ஜனவரி ஒன்பதாம் தேதியின் சாம்பிள் என்றதும், அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்தாள். ஒரு நாளுக்கு ஒரு பக்கம், ஒரு தொட்டிக்கு ஒரு கட்டம். அன்றன்று சாயம் ஏறிய துணியில் விரலகலம் வெட்டி, குண்டூசியால் குத்தி வைப்பார்கள். பக்கத்தை அவளே புரட்டினாள். நோட்டு மூடிக்கொள்ளாமல் கீழ்ப்பாதியில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, மறு கையால் சுட்டினாள்.

"இதுதாம்மா ஆறாம் தொட்டி."

கட்டத்தில் இருந்த துணி மஞ்சள்.

கொழுந்தன் அண்ணியின் காதருகே குனிந்தார். "மஞ்சள் தொட்டில கை விட்டவங்களுக்குப் பச்சை விரல் எப்படி வரும்? ஜெயிச்சுட்டோம் அண்ணி. மணி மூணுகூட ஆகல. திரும்பிப் போற வழில ஒரு காபி."

அப்போது செயலாளர் சிரித்தார். கூரை அதைத் திருப்பிச் சிரித்தது.

"மேடம், மஞ்சள் விரலை இந்தப் பழுப்புத் தாள்ல வெச்சா கண்ணுக்கே தெரியாது. அதனால மஞ்சள் தொட்டிக்காரங்க வந்தா, விரலை முதல்ல என் ஸ்டாம்ப் பேட்ல ஒத்திக்கச் சொல்லுவேன். என் பேட் நீலம். மஞ்சளும் நீலமும் சேர்ந்தா என்ன ஆகும்? சின்னக் குழந்தைகூட சொல்லும்."

சட்டைப் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே ஒரு பக்கம் தேதி முத்திரை, மறுபக்கம் நீலப் பேட். மூன்றாம் தொட்டியில் அன்று மஞ்சள் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்த ஆளைக் கூப்பிட்டு, விரலைப் பேடில் ஒத்தி ஒரு துண்டுத் தாளில் வைக்கச் சொன்னார்.

பச்சை. குறை சொல்ல முடியாத பச்சை.

"காபி வேண்டாம், தண்ணி போதும்," என்று முணுமுணுத்தார் கொழுந்தன்.

காலாவதி அம்மாள் துண்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணுக்கு நேற்று நம்பிக்கை கொடுத்தாயிற்று. இன்று வாசலுக்குப் போய் அதைத் திரும்பக் கேட்க வேண்டும். முதல் தடவை அரை நிமிடத்தில் செய்த தவறை, இந்தத் தடவை ஒரு பிற்பகலைச் செலவழித்துச் செய்ததுதான் மிச்சமா? பெரியவளின் முகத்தில் ஏதோ தளர்ந்தது. ஏமாற்றம் என்று அம்மாள் அதற்குப் பெயர் வைத்தார்.

"பாவம்மா, உங்களுக்கு வீண் அலைச்சல்," என்றாள் பெரியவள்.

"பட்டுவாடா நோட்டை இன்னொரு தடவ காட்டுங்க," என்றார் அம்மாள்.

இருபத்தாறு ஆண்டுப் பழக்கம் அது. குழம்பினால் தேதியைப் பார். ஜனவரி ஏழு: நீல முத்திரையில் தேதி. ஜனவரி பத்து: நீல முத்திரை. இருபது: நீல முத்திரை. ஒன்பதாம் தேதி மட்டும் பேனாவால் எழுதப்பட்டிருந்தது.

அம்மாள் நிமிர்ந்தார்.

"ஒன்பதாம் தேதிக்கு ஏன் முத்திரை இல்ல?"

"அது... அன்னைக்கு டப்பாவை மறந்து ஆபீஸ்லயே வெச்சுட்டு வந்துட்டேன். அதனால பேனால எழுதினேன். தேதி தேதிதானே மேடம்?"

"தேதி தேதிதான். டப்பா ஆபீஸ்ல இருந்துச்சுன்னா, பேட் எங்க இருந்துச்சு?"

செயலாளர் டப்பாவைப் பார்த்தார். முத்திரையும் பேடும் அதனுள் அக்கம்பக்கமாகப் படுத்திருந்தன. அவர் குரல் முதன்முறையாக ஒரு சாதாரண மனிதரின் குரலாக வந்தது.

"பேடும்... ஆபீஸ்லதான்."

"அப்ப அவங்க விரலை எதுல ஒத்தினாங்க?"

"அண்ணே, யோசிச்சு சொல்லுங்க," என்றார் கொழுந்தன். "சின்னக் குழந்தைகூட சொல்லும்."

செயலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மேடம், உண்மையைச் சொல்லிடறேன். அவ விரல் வெச்சத நான் பாக்கல. எப்பவுமே நோட்டையும் கடிதத்தையும் அதோ அந்தத் தூண் பலகைல வெச்சுட்டு, நான் வெளில போய் ஒரு டீ குடிச்சுட்டு வருவேன். அவங்கவங்க விரல் வெச்சு அவங்கவங்க கடிதத்த எடுத்துக்குவாங்க. பதினஞ்சு வருஷமா இப்படித்தான். ஒரு கடிதம்கூடத் தப்பிப் போனதில்ல."

"தப்பிப் போச்சுன்னு யாரும் சொல்லலேங்கறீங்க."

செயலாளர் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். காலாவதி அம்மாளுக்கு அவர்மேல் கோபம் வரவேண்டியதுதான் முறை, வரவில்லை. அவர் டீ குடித்தார், இவர் கேக் சாப்பிட்டார். வித்தியாசம் அவ்வளவுதான்.

"அப்படீன்னா அது கலந்த பச்சை இல்ல," என்று மெல்லச் சொன்னார். "தொட்டியிலேர்ந்தே வந்த பச்சை. அன்னைக்கு எந்தத் தொட்டில பச்சை ஓடிச்சோ, அந்தக் கைதான் கடிதத்த எடுத்திருக்கு."

சாம்பிள் நோட்டு இன்னும் திறந்தே கிடந்தது. முதல் தொட்டி சிவப்பு. இரண்டும் மூன்றும் செங்கல் நிறம். நான்கு கறுப்பு. ஐந்து சாம்பல். ஆறு மஞ்சள். அதற்குக் கீழே பெரியவளின் உள்ளங்கை இருந்தது. நோட்டைத் திறந்ததிலிருந்து அது அங்கேயேதான் இருந்தது.

"கையை எடும்மா," என்றார் அம்மாள்.

அவள் எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள்.

எட்டாம் தொட்டி நீலம். ஏழாம் கட்டத்தில் துணி இல்லை. குண்டூசி மட்டும் இருந்தது. அவசரமாகப் பிய்த்ததில் ஊசியின் கழுத்தில் ஒரு நூல் சிக்கி நின்றது.

பச்சை நூல்.

"ஏழாம் தொட்டி யாரோடது?" என்று கொழுந்தன் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள்ளேயே அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு நக்கல் வரும். இம்முறை அவர் தலைக்கவசத்தைக் கையில் மாற்றிப் பிடித்துக்கொண்டு தரையில் ஓடிய நீல ஓடையைப் பார்த்தார்.

"என்னோடது," என்றாள் பெரியவள்.

செயலாளர் வாயைத் திறந்தார். அம்மாள் கையால் தடுத்தார்.

"கடிதம் எங்கம்மா இருக்கு?"

"என் சாப்பாட்டுப் பைல."

"இங்கயா?"

"தினமும் கொண்டுவருவேன். இன்னைக்குக் கொடுத்துடணும்னு காலைல எடுத்து வெப்பேன். வீட்டுக்குப் போற வழில கொடுக்கலாம்னு நெனப்பேன். வழில அவ எதாவது சிரிச்சுப் பேசுவா. சரி, நாளைக்குன்னு விட்டுடுவேன். முப்பத்தோராம் தேதியோட அவ வர்றது நின்னுபோச்சு. அப்புறம் வீட்ல கொடுக்கலாம்னு நெனச்சேன். அவ வேலை தேடிட்டு வந்து செருப்பைக் கழட்டும்போது எப்படிம்மா கொடுப்பேன்?"

அம்மாளின் மனம் தானாகவே எண்ணிவிட்டது. ஜனவரி ஒன்பதிலிருந்து அறுபத்தொன்பது நாள்.

"எதுக்காக எடுத்தே?"

"எடுத்து அவகிட்ட கொடுக்கத்தாம்மா எடுத்தேன். அவ துணி அலசிட்டு இருந்தா. ஒரே வீடு, யார் வாங்கினா என்னன்னு நெனச்சேன். விரல் வெச்சுட்டேன். கொடுக்கறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாத்தேன்." அவள் நிறுத்தினாள். "ரெண்டாம் பக்கத்துல நான் இருந்தேன்."

தன் தொட்டியின் சாயம் வழியும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மீதியைச் சொன்னாள். டிசம்பரில் அந்தத் துணி கெட்ட நாள், அவள் மூட்டைகளுக்குப் பின்னால் படுத்து அசந்து தூங்கிவிட்டாள். ஏற்கெனவே இருமுறை தூங்கி எச்சரிக்கை வாங்கியவள். மூன்றாவது என்றால் வேலை போகும். தங்கை அவளை எழுப்பவில்லை. தன் தொட்டியை விட்டுவிட்டு, அக்காவின் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். அந்த இருபது நிமிடத்தில் ஆறாம் தொட்டியில் சூடு ஏறித் துணி திட்டாகிவிட்டது.

"விசாரணைக் குழுல என்னைக் கூப்பிட்டாங்க. ஒரே ஒரு கேள்விதாம்மா கேட்டாங்க. ஆறாம் தொட்டிகிட்ட அவ இருபது நிமிஷம் இல்லைங்கறது உண்மையான்னு. உண்மைதானே? ஆமான்னேன். எங்க இருந்தான்னு அவங்க கேக்கல. நானும் சொல்லல. சங்கம் எப்படியும் விட்டுக்கொடுக்காது, ஒரு எச்சரிக்கையோட போயிடும்னு நெனச்சேன். 'ஏழாம் தொட்டித் தொழிலாளியின் சாட்சியத்தின் அடிப்படையில்'னு எழுதியிருந்தாங்க. அதை எப்படி அவ கைல கொடுப்பேன்?"

தூறல் நின்றிருந்தது. கூரை விளிம்பிலிருந்து சொட்டும் ஓசை மட்டும் கேட்டது.

கேட்ட கேள்விக்குச் சரியான பதில். காலாவதி அம்மாளுக்கு அந்தச் சொற்கள் எங்கோ கேட்டவைபோல இருந்தன. முப்பது நாளுக்குள் வந்ததா என்பதுதான் அவருக்கும் மேசையில் வைக்கப்பட்ட கேள்வி. அதற்கு இருபத்தாறு ஆண்டுகள் பிழையில்லாமல் பதில் சொல்லியிருந்தார்.

"உன் தங்கச்சியோட மனுவ நிராகரிச்சுக் கையெழுத்துப் போட்டது யார் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாதும்மா."

"நான்தான். அந்தப் பக்கத்த அரை நிமிஷம்தான் பாத்தேன். நேத்து அவ அதைக் கொண்டுவந்து என் முன்னாடி விரிச்சப்போ, எனக்கும் எங்கயாவது போய் ஒளிஞ்சுக்கலாம்னுதான் இருந்துச்சு." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி மூணு ஐம்பது. பையை எடுத்துட்டு வா."

"என் வேலை போயிடுமாம்மா?"

"போகலாம். நான் போகாதுன்னு சொன்னா அது பொய்."

பெரியவள் சற்று நேரம் தன் கருநீலக் கைகளைப் பார்த்தபடி நின்றாள். பிறகு கொடியில் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பையை நோக்கி நடந்தாள்.

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "மேடம், ஒரு விஷயம். நோட்டுல ஏற்கெனவே பட்டுவாடா ஆனதா பதிவாயிடுச்சு. அதுக்கு மேல மறுபடியும்..."

"சங்க விதியில என்ன எழுதியிருக்கு? தொழிலாளியோட சொந்தக் கையிலதானே?"

"சொந்தக் கையிலதான்."

"அந்தப் பச்சை அவ கையா?"

செயலாளர் நோட்டைத் திறந்தார். ஜனவரி ஒன்பதாம் தேதிப் பதிவுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்து, 'உரியவர் கையில் சேரவில்லை' என்று எழுதித் தம் பெயரைப் போட்டார். அந்த மூன்று சொற்களை எழுத அவருக்கு வெகுநேரம் பிடித்தது. எழுதி முடித்ததும் காதுமடல் வரை சிவந்திருந்தார்.

"அண்ணே," என்றார் கொழுந்தன், குரலைத் தாழ்த்தி. "இனிமே டீயை இங்கயே வரவழைச்சுக் குடிங்க."

"சரி தம்பி," என்றார் செயலாளர்.

வாசல் காவலர் தம் மேசையிலிருந்த குடத்தையும் டம்ளரையும் நகர்த்தி நோட்டுக்கு இடம் செய்து கொடுத்தார். சின்னவள் குடையை மடக்கிவிட்டு நிமிர்ந்து நின்றாள். கூட்டமாக வருபவர்களில் தன் அக்காவும் இருப்பதைக் கண்டாள். அக்கா கையிலிருந்த உறையைக் கண்டாள். அவள் முகத்தில் முதலில் மகிழ்ச்சிதான் வந்தது.

"கண்டுபிடிச்சிட்டியா அக்கா? எங்க இருந்துச்சு?"

பெரியவள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்காகப் பேசிவிடலாமா என்று காலாவதி அம்மாள் ஒரு கணம் யோசித்தார். பேசவில்லை. அதுவும் ஒரு பட்டுவாடாதான். உரியவர்தான் செய்ய வேண்டும்.

"என்கிட்டதான் இருந்துச்சு, பாப்பா. அன்னைலேர்ந்தே."

சின்னவள் அக்காவின் முகத்தையே பார்த்தாள். மகிழ்ச்சி போய், புரியாமை வந்து, அதுவும் போனது.

"ரெண்டாம் பக்கத்துல ஏழாம் தொட்டின்னு போட்டிருக்கு," என்றாள் பெரியவள். "நான்தான் சொன்னேன். நீ அங்க இல்லன்னு மட்டும் சொன்னேன். நீ எங்க இருந்தேன்னு சொல்லல."

சின்னவள் குடையைக் காவலர் மேசையோரம் சாய்த்து வைத்தாள்.

"நானும் சொல்லலக்கா," என்றாள் சின்னவள். "குழுல என்னைக் கேட்டப்போ வாயே திறக்கல. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

பெரியவளின் தலை கவிழ்ந்தது. சின்னவளும் அதைச் சொன்னதற்காக வெட்கப்பட்டவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செயலாளர் தகர டப்பாவைத் திறந்தார். புதிய வரியில் இன்றைய தேதி முத்திரையைக் குத்தினார். மார்ச் பத்தொன்பது, நீல மையில், கோணாமல் விழுந்தது.

"ஐந்து மணிக்குள்ள இந்தப் பக்கத்தோட மன்றத்துக்குப் போயிடணும்," என்றார் காலாவதி அம்மாள். "உன்னோட முப்பது நாள் இன்னைலேர்ந்துதான். உன் அக்கா சொன்னத எழுதித் தரணும். தருவா."

"தர்றேன்," என்றாள் பெரியவள்.

"ஜெராக்ஸ் எடுக்கட்டுமா அண்ணி?" என்றார் கொழுந்தன்.

"வேண்டாம். அசலோட செயலாளரும் வருவார்."

"என் ஸ்கூட்டர்லயா?" என்று கொழுந்தன் செயலாளரின் உடம்பை ஒரு முறை அளந்தார். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் யாருக்கும் அது தவறாகவும் படவில்லை.

விரல் முதலில், காகிதம் பிறகு. பழக்க தோஷத்தில் சின்னவள் கட்டைவிரலை நோட்டில் வைத்து அழுத்தி எடுத்தாள். தாள் வெறுமையாகவே இருந்தது. ஏழு வாரங்களாகத் தொட்டி பார்க்காத கை. அவள் தன் விரலைத் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில்கூட ஒரு நிறம் மிச்சமில்லை. காவலர் மேசை இழுப்பறையில் பேனா தேடினார். செயலாளர் நீலப் பேடை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் இரண்டையும் பார்க்கவில்லை. அக்காவின் வலக்கையைப் பிடித்து, உள்ளங்கையை மேலே திருப்பினாள். கருநீலம் இன்னும் ஈரமாக இருந்தது. தன் கட்டைவிரலை அதில் ஒத்தி நோட்டில் வைத்தாள். அழுத்தமாக, ஓரம் கலையாமல் பதிந்தது.

காலாவதி அம்மாள் அந்த விரலை ஒரு முழு நிமிடம் பார்த்தார்.

பிறகு பெரியவள் உறையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். மூன்று பக்கம், கடைசிப் பக்கத்தில் விசாரணைக் குழுவின் கையெழுத்துகள். சாப்பாட்டுப் பையில் அறுபத்தொன்பது நாள் கிடந்ததில் மூலைகள் மழுங்கியிருந்தன. சாயம் படாதிருக்க விரல் நுனிகளால் மட்டும் அதைப் பிடித்து, தங்கையின் கையில் கொடுத்தாள்.